ஜெல் படாத கை

பிப்ரவரி 3

அன்பு மருமகளுக்கு உன் அத்தை எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் உன் புருஷனும்தான். போனில் நீ பேசுவது என் காதுக்குத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. நடுவில் “சாப்ட்டீங்களா” மட்டும் புரிகிறது. அதனால் கடிதமே மேல். அத்தனை வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவளுக்கு எழுதி வைத்தால்தான் எதுவும் நடந்த மாதிரி.

உன் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறான், நான் எழுதுகிறேன். தன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குமாம். அது சாக்கு. தான் முதலில் எழுதினால் மானம் குறைந்துவிடும், அதுதான் விஷயம். அவன் சொல்வது இது:

ஆறு மாதப் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனாய், இப்போது ஒரு வருஷம் என்கிறாய். வீடு வீடாக இல்லை. பெயின்ட் கடைக்காரன் பெண்டாட்டி நகத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருக்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். பத்து மாடிக்கு அடிக்கிறவனே ஒரு வாரத்தில் வேலையைக் கற்றுக்கொள்கிறான், பத்து விரலுக்கு ஒரு வருஷமா? பிரஷ்தான் வேண்டும் என்றால் நம் கடையில் இல்லாத பிரஷா? இந்த மாதக் கடைசிக்குள் கிளம்பி வா.

அவ்வளவுதான். கடையிலிருந்து ஆள் கூப்பிட வந்தது, எழுந்து போய்விட்டான். இனி நான்.

நீ போனது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்காமல், “போறேன் அத்தை, வேலையைக் கத்துக்கிட்டு வர்றேன்” என்று நேராகச் சொல்லிவிட்டுப் போனாய் பார், அது பிடித்திருந்தது. வருகிறாயா இல்லையா என்று நீயே எழுது. மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்க என்னால் ஆகாது.

இன்னொன்று. எண்ணிவிடக்கூடிய அளவுக்கு முடி உள்ள பிரஷ் இருக்கிறதாமே, மருந்துக் கடைப் பெண் சொன்னாள். நிஜமா? அதை எப்படிப் பிடிக்கிறாய்?

உன் அத்தை


பிப்ரவரி 19

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முழங்கால் வலிக்குத் தைலம் தேடியிருப்பீர்கள். கீழ் அலமாரியில், போர்வைகளுக்குப் பின்னால் ஒரு புதுப் புட்டி இருக்கிறது.

மாதக் கடைசிக்குள் வரமாட்டேன். அவரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

நான் வேலை செய்வது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில். ஆறு மேஜை, ஆறு விளக்கு. சுவரில் ஒரு காற்றாடி, காற்றை வெளியே தள்ளாமல் சத்தத்தை மட்டும் உள்ளே தள்ளுகிறது. காலையில் முதலாளியம்மா கற்றுக்கொடுப்பார், பிறகு நாள் முழுக்க வாடிக்கையாளர்கள். ஜூலையில் தேர்வு. தேறினால் சான்றிதழ் உண்டு, சொந்தமாக ஒரு மேஜை உண்டு. பக்கத்து மேஜைக்காரிக்கு முணுமுணு என்று பெயர் வைத்திருக்கிறோம். வேலை செய்யும்போது பிரஷோடு பேசிக்கொண்டே இருப்பாள். “இந்தப் பக்கம் வாடி, வழியாதே” என்பாள். வந்தவர்கள் தங்களைத்தான் சொல்கிறாள் என்று கையை இழுத்துக்கொள்வார்கள்.

பிரஷைப் பற்றிக் கேட்டீர்கள். அவருடைய பெயின்ட் கடையில் இருப்பது நாலு அங்குலம். என் லைனர் பிரஷில் முடியை எண்ணிவிடலாம், ஆனால் முடி நல்ல நீளம். நுனியால் எழுதப் பார்த்தால் கோடு நடுங்கும். முடி முழுவதையும் நகத்தின்மேல் படுக்க வைத்து இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது. சுண்டுவிரலை வந்தவர் விரல்மேல் ஊன்றிக்கொண்டால் கை ஆடாது. வளைந்த கோடு வேண்டுமென்றால் நாங்கள் பிரஷைத் திருப்புவதில்லை, அவர்கள் விரலைத் திருப்புகிறோம். பூவிதழுக்குத் தட்டை பிரஷ். ஒரு ஓரத்தில் வெள்ளை, மறு ஓரத்தில் சிவப்பு தொட்டு ஒரே அழுத்து. ஒரு நிறம் இன்னொன்றில் கரைய வேண்டுமானால் விசிறி மாதிரி விரிந்த பிரஷ் இருக்கிறது.

நகத்தில் நாங்கள் பூசுவது ஜெல், அது பெயின்ட் மாதிரி தானாகக் காயாது, அத்தை. புற ஊதா விளக்குக்குள் கையை வைத்தால்தான் இறுகும். அதுவரைக்கும் அழிக்கலாம், திருத்தலாம். ஆனால் வெயில் பட்டாலும் இறுகிவிடும். போன வாரம் லைனரை மூடி போடாமல் ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் முடியெல்லாம் கல்லாகிக் கிடக்கிறது. முணுமுணு அதற்கு இரங்கல் கூட்டமே நடத்திவிட்டாள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வேலை முடிந்ததும் வருவேன். வந்து முன்னறையில் மேஜை போட்டு இந்தத் தொழிலைத்தான் செய்வேன். அதற்கு அவர் சரி என்றால் போதும், வேறெதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 11

அன்பு மருமகளுக்கு,

தைலம் கிடைத்தது. முழங்கால் உன்னை வாழ்த்துகிறது.

உன் கடிதத்தை ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டினேன். “பிடிவாதம்” என்றான். “உனக்கு மட்டும் என்ன குறைச்சலா?” என்றேன்.

மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை ஒரு வண்டி நிறைய பெயின்ட் டப்பா வந்து இறங்கியது. இப்போது முன்னறையில் தரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் டப்பாதான். அங்கே கிடந்த உன் மேஜையின் கால்களை மடக்கிப் பின்கட்டில் மழை படுகிற இடத்தில் வைத்திருந்தான். ஆளைக் கூப்பிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அந்த இடத்தை எதற்கு நிரப்பினாய் என்று கேட்டதற்கு, “கடையில இடம் பத்தல. அவ வரட்டும், எடுத்துடலாம்” என்றான். “எடுத்து எங்கடா வைப்பே?” என்றேன். உடனே டிவி சத்தத்தைக் கூட்டினான். காது கேட்காதவளிடம் சத்தத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்க்கிறான், அவ்வளவு புத்திசாலி என் பிள்ளை.

நகமும் சதையுமாக இருங்கள் என்று உங்கள் கல்யாணத்தில் வாழ்த்தினார்கள். நகத்தால்தான் சதை கிழியப்போகிறது என்று யார் கண்டது.

உனக்கு நான் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொள்ளாதே. பாதி வழியில் போட்டுவிட்டு வந்தால் நானே சிரிப்பேன். நன்றாகப் படி.

உன் அத்தை


ஏப்ரல் 24

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்ட வேண்டாம். நர்ஸாக நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு மாதமாக விரல் நுனிகளில் அரிப்பு. முதலில் தண்ணீரில் அதிகம் நனைவதால் என்று நினைத்தேன். இப்போது வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோல் உரிந்து வெடித்துவிட்டன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கண்ணிமையும் ஒரு நாள் வீங்கியது. மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு, மேலே பிளாஸ்திரி ஒட்டி வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ஆறுகிறது, திங்கட்கிழமை பழையபடி.

காரணம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பிரஷின் முடி ஒன்றாகக் கூடி நிற்பதற்காக, நுனியை இரண்டு விரலால் பிடித்துக் கூராக்குவேன். எல்லாரையும்விட என் கோடு மெல்லியதாக வருவதற்கு அதுதான் ரகசியம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். விளக்கில் வைக்காத ஜெல் ஒவ்வொரு தடவையும் தோலில் ஏறியிருக்கிறது.

தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க ஏதாவது மருந்து இருக்கிறதா?

உங்கள் மருமகள்


மே 6

மருமகளுக்கு,

தாக்குப்பிடிக்க மருந்து கிடையாது.

களிம்பையும் பிளாஸ்திரியையும் தூக்கிப் போட்டுவிட்டு, நாளைக்கே தோல் மருத்துவரிடம் போ. ஒவ்வொரு பொருளையும் துளித் துளியாகத் தடவிய துண்டுகளை முதுகில் ஒட்டி, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கு. அதுவரைக்கும் ஜெல்லைத் தொடாதே. மருந்து போட்டுக்கொண்டு அதே வேலையைச் செய்தால் தோல் உன் மனவுறுதியைப் பார்த்து மெச்சிக்கொள்ளாது, இன்னும் வெடிக்கும். எங்கள் தியேட்டரில் ஒருத்தி கையுறை ஒத்துக்கொள்ளாமல் அப்படித்தான் வீம்பு பிடித்தாள். கடைசியில் தட்டில் சோறு பிசைய முடியாமல் போனது.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். நான் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவன் உன் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டான். நான் வெளியே வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “பாத்தியாம்மா, உடம்பே சொல்லுது. வரச் சொல்லு. இனிமேலாவது புத்தி வரட்டும்” என்றான். முகத்தில் ஒரு வெற்றிக் களை. பெற்ற பிள்ளை முகத்தில் அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மாடி.

“உடம்பு சொன்னது ஜெல்லைத் தொடாதேன்னுதான். வீட்டுக்கு வான்னு எங்கடா சொல்லுச்சு?” என்று கேட்டேன்.

அன்றிலிருந்து என்னோடும் பேச்சுக் குறைந்துவிட்டது. எனக்கு நஷ்டமில்லை, எப்படியும் பாதிதான் கேட்கும்.

மருத்துவர் சொன்னதை எழுது. கூட்டாமல் குறைக்காமல்.

அத்தை


ஜூன் 3

அன்புள்ள அத்தைக்கு,

கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

ஒவ்வாமை உறுதி. வாழ்நாள் முழுக்க இருக்குமாம். இறுகாத ஜெல் இனிமேல் என் தோலில் ஒரு துளியும் படக்கூடாது. நகத்தை ராவும்போது பறக்கும் தூளும் ஆகாது. சாதாரணக் கையுறை கொஞ்ச நேரம்தான் தாங்கும், அப்புறம் ஜெல் அதையும் தாண்டி வந்துவிடும். மருத்துவரம்மா நல்லவர். “வேற தொழில் யோசிக்கலாமே” என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

முதலாளியம்மா தேர்வுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். ஜெல் தொடாதவளுக்கு ஜெல் சான்றிதழ் எப்படித் தருவது? அவர் செய்ததில் தவறில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். முணுமுணு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இந்தக் கடிதத்தையும் அவர் பிரித்துப் படிப்பார். அவருக்கே சொல்கிறேன்: படியுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் தோற்றுவிட்டேன் என்று கடையில் சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் ஊருக்கு வரமாட்டேன். இப்போது வந்தால், டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க “நான் அப்பவே சொன்னேன்” என்பதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு என் காது அத்தை காது இல்லை.

கோடு போடத் தெரிந்த கை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆகாதது ஜெல்தான். இரண்டையும் பிரிக்க முடியுமா என்று பார்க்கிறேன். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து போன் எடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். இப்போதைக்கு அது.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 10

அன்புள்ள அத்தைக்கு,

வெகு நாளாக எழுதவில்லை. கோபித்துக்கொண்டிருப்பீர்கள். விரல்கள் ஆறிவிட்டன. பொத்தான் போடுகிறேன், சோறு பிசைகிறேன்.

கோட்டையும் ஜெல்லையும் பிரித்துவிட்டேன், அத்தை.

அடிப்பூச்சு ஜெல்லை முணுமுணு பூசி விளக்கில் இறுக்குகிறாள். இறுகியதைத் தொட்டால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை, மருத்துவரம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அதன்மேல் நான் வெறும் தண்ணீர் வண்ணத்தால் வரைகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வண்ணத்துக்கு அது அண்ணன் முறை. வரைந்து காய்ந்ததும் மேல்பூச்சு ஜெல்லை அவள் போட்டு மூடுகிறாள். ராவுகிற வேலையும் அவளுடையதே, அதுவும் காற்றாடிப் பக்கம் தள்ளி உட்கார்ந்து.

சொல்வது சுலபம். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஜெல் காத்திருக்கும், தண்ணீர் வண்ணம் காத்திருக்காது. பிரஷிலேயே காய்ந்துவிடும். கோடு பாதியில் நின்றால் ஒட்டுப்போட்ட இடம் தெரியும். தண்ணீரைக் கூட்டினால் நகத்தில் நிற்காமல் ஓடும், குறைத்தால் வெடிக்கும். ஒரு வழியாகப் பூ வந்தது என்று பார்த்தால், அவள் மேல்பூச்சை இழுத்தபோது பூவும் பின்னாலேயே போய்விட்டது. “நான் என்னடி பண்ணேன், அதுவா என்கூட வந்துடுச்சு” என்றாள். நன்றாகக் காயவிட்ட பிறகு, பிரஷை நகத்தில் அழுத்தாமல் ஜெல்லை மட்டும் மிதக்கவிட்டுப் பூசினால் கலையவில்லை. அதைக் கண்டுபிடித்தது அவள். செயற்கை நகங்களைக் குச்சியில் ஒட்டி வைத்துக்கொண்டு, வரவேற்பு மேஜைக்கு அடியில், போன் அடிக்காத நேரமெல்லாம் நான் போட்ட கோடுகளுக்குக் கணக்கில்லை.

போன வாரம் ஒரு கல்யாணப் பெண் வந்தாள். அவளுக்கு இரண்டு கையிலும் ஒரே கொடி வேண்டும், இடது சுண்டுவிரலில் தொடங்கி நகம் நகமாகத் தாவி வலது சுண்டுவிரலில் முடிய வேண்டும். மற்றவர்கள் முடியாது என்றார்கள். நான் போட்டேன். அவள் இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டாள், அக்காவைக் கூப்பிட்டாள். முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். “நல்லா இருக்கு. ஆனா ஒரு நாற்காலிக்கு ரெண்டு ஆள் வச்சா எனக்குக் கட்டுப்படி ஆகாதும்மா” என்றார்.

நியாயம்தான். அதனால் நாங்கள் இருவரும் சேர்ந்து இடம் பார்த்துவிட்டோம். கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால் ஒரே அறை. ஜன்னல் வடக்குப் பார்த்தது, நேர் வெயில் விழாது, பிரஷ் கல்லாகாது. இந்த மாதக் கடைசியில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. என் கடிதங்களைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வரி எழுதவும் தெரியும். அவர் கையால் எழுதட்டும். கோழி கிளறினாலும் பரவாயில்லை. இந்த ஊரிலும் சுவர்கள் இருக்கின்றன, அவர் தொழிலுக்கும் இங்கே இடமுண்டு. “இல்லை, நான் ஊரிலேயே இருப்பேன், முன்னறையைக் காலி செய்கிறேன், நீ வா” என்றாலும் முணுமுணுவிடம் பேசி ஏதாவது வழி பார்க்கிறேன். வராதே என்றால் அதையும் எழுதட்டும். எதுவுமே சொல்லாமல் இருப்பதை மட்டும் இனி என்னால் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது.

உங்களை வருத்தப்படுத்துகிறேனே என்றுதான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 25

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே அதை அவன் கையில் கொடுத்தேன். இந்தத் தடவை திருட்டுத்தனமாகப் படிக்க வேண்டாம், உட்கார்ந்து படி என்றேன். படித்தான். இரண்டு தடவை படித்தான். கொடி போட்ட இடத்தில் கொஞ்சம் நின்றான், பார்த்தேன்.

வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து எதிரில் வைத்தேன். “ஒரு வரிதானடா கேக்கறா” என்றேன்.

பேனாவை எடுத்தான், மூடியைத் திறந்தான், மூடினான். “அவ முதல்ல வரட்டும்மா, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்றான்.

“மத்ததுதாண்டா இப்ப பேச்சே.”

“என்னை என்ன, அவ ஊருல போய்ச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்றியா?”

“எழுது. வரமாட்டேன்னு எழுது. அதையும்தான் கேட்டிருக்கா.”

எழுதவில்லை. தாள் சாப்பாட்டு மேஜையில் அப்படியே கிடந்தது. நான் எடுக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டான். ஒரு நாள் காலையில் மேலே ஏதோ எழுதியிருக்கிறது என்று ஓடிப் போய்க் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். யாருக்கோ எத்தனை லிட்டர் வெள்ளை அனுப்ப வேண்டும் என்று குறித்திருந்தான்.

நான் அவனைப் பெற்றவள். குடிக்கிறவன் இல்லை, அடிக்கிறவன் இல்லை, கடையை ஒழுங்காக நடத்துகிறவன். கேட்கிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லி உன்மேல் குறை சொல்ல எனக்கும் தெரியும். ஆனால் தியேட்டரில் நான் பார்த்தவரைக்கும், வெளியே காத்திருக்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்லாமல் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று இழுக்கிற டாக்டரைப் போல் கொடுமைக்காரர் யாருமில்லை. அதனால் நானே சொல்கிறேன். அவன் எழுத மாட்டான். இந்த மாதமும் இல்லை, அடுத்த மாதமும் இல்லை. என் பிள்ளைக்காக நீ காத்திருக்காதே.



அவனுக்குச் சமைத்துப் போடுவதை நான் நிறுத்த மாட்டேன். உனக்கு எழுதுவதையும் நிறுத்த மாட்டேன். இரண்டில் எது அவனுக்குப் பிடிக்கவில்லையோ அதை அவன் பொறுத்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் சிலர் இங்கே வந்து, “நீங்களாவது மருமகளுக்குப் புத்தி சொல்லக் கூடாதா?” என்று கேட்டார்கள். காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்தக் காதால் இப்படியும் ஒரு லாபம்.

கையுறையை அடிக்கடி மாற்று. தூள் பறக்கும்போது வெளியே போய் நின்றுகொள், வெட்கப்படாதே. முணுமுணுவை நான் விசாரித்ததாகச் சொல்.

மாதக் கடைசிவரைக்கும் தள்ளிப் போடாதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போய்க் கையெழுத்துப் போடு. மழைக்காலம் முடிந்ததும் முழங்கால் ஒத்துழைத்தால் நான் அங்கே வந்து பத்து நாள் தங்குவேன். வரும்போது கடை திறந்திருக்க வேண்டும். பூட்டியிருந்தால் வாசலில் உட்கார்ந்து தெருவே கேட்கிற மாதிரி உன்னைக் கூப்பிடுவேன். எவ்வளவு சத்தம் போடுகிறேன் என்று எனக்கே தெரியாது, நினைவிருக்கட்டும்.

என்றும் உன்
அத்தை